வால்மார்ட் நிறுத்திய தோட்டா: 2019 செப்டம்பர் முடிவும் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் கோபமும்

2019 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. தொழிலாளர் தின விடுமுறை முடிந்து அமெரிக்கா வேலைக்குத் திரும்பிய நாள். வால்மார்ட்டின் தலைமை நிர்வாகி டக் மெக்மில்லன் அன்று தன் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையிருப்பு தீர்ந்த பிறகு .223, 5.56 போன்ற ரைபிள் தோட்டாக்களை இனி விற்கப்போவதில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாக்களும் அப்படியே. கைத்துப்பாக்கி விற்பனை மிச்சமிருந்த ஒரே மாநிலமான அலாஸ்காவிலும் அது நிற்கும். துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிற மாநிலங்களில்கூட, வால்மார்ட்டுக்குள் அப்படி வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதனால் நாட்டின் தோட்டா விற்பனையில் தங்கள் பங்கு சுமார் 20 சதவீதத்திலிருந்து 6 முதல் 9 சதவீதத்துக்கு இறங்கும் என்றும் அதே கடிதம் சொன்னது. ஐந்தில் ஒரு பங்கு என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு ஐந்து தோட்டாவிலும் ஒன்று, பால் பாக்கெட்டும் பள்ளி நோட்டும் விற்கிற ஒரு கடையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

கடிதம் வெளியான சில மணி நேரத்திலேயே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் எதைப் பற்றியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. தோட்டா கிடைக்காமல் போய்விடும் என்ற பயமாக அது இருந்திருக்க முடியாது. ஊருக்கு ஊர் துப்பாக்கிக் கடை உண்டு, இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே பெட்டி வரும். பிறகு ஏன் அவ்வளவு கொதிப்பு?

முந்தைய ஐந்து வாரங்கள்

கடிதத்துக்குப் பின்னால் இருந்த நாட்களைப் பார்க்காமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது. ஜூலை 30 அன்று மிசிசிப்பி மாநிலம் சவுத்ஹேவனில் உள்ள வால்மார்ட்டில், வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருந்த ஒரு ஊழியர் கடையின் மேலாளர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார். நான்கே நாளில், ஆகஸ்ட் 3 சனிக்கிழமை காலை, டெக்சாஸின் எல் பாசோவில் சியலோ விஸ்டா வணிக வளாகத்தை ஒட்டிய வால்மார்ட். பள்ளி திறக்கும் நேரம் என்பதால் பைகளும் நோட்டுகளும் வாங்கக் குடும்பங்கள் குவிந்திருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள சியுடாட் ஹுவாரெஸிலிருந்து வந்தவர்களும் பலர். டல்லாஸ் பக்கத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி வந்த ஒரு 21 வயது இளைஞன், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்மீது இருந்த வெறுப்பில் அவர்களைக் குறிவைத்துச் சுட்டான். 22 பேர் இறந்தார்கள். காயத்தோடு மாதக்கணக்கில் போராடிய ஒருவர் 2020 ஏப்ரலில் இறக்க, அது 23 ஆனது.

மறுநாள் அதிகாலை ஓஹையோவின் டேட்டன் நகரில் 9 பேர். ஆகஸ்ட் 31 அன்று டெக்சாஸின் மிட்லாண்ட், ஒடெசா பகுதியில் 7 பேர். மெக்மில்லனின் கடிதம் அதற்கு மூன்றாம் நாள் வந்தது.

இடையில் நடந்த இன்னொன்றை இந்த விவகாரத்தைப் பேசும் பலர் மறந்துவிடுகிறார்கள். எல் பாசோ நடந்து ஐந்தே நாளில், மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில், குண்டு துளைக்காத அங்கியும் ரைபிளும் நிறையத் தோட்டாவுமாக 20 வயது இளைஞன் ஒருவன் வால்மார்ட்டுக்குள் நடந்து வந்தான். தன் உரிமையை வால்மார்ட் மதிக்கிறதா என்று சோதித்துப் பார்த்ததாகப் பிறகு போலீஸிடம் சொன்னான். அவன் யாரையும் சுடவில்லை. ஆனால் கல்லாவில் நின்ற பெண்ணுக்கும் தள்ளுவண்டியில் குழந்தையை உட்கார வைத்திருந்த தாய்க்கும் அது எப்படித் தெரியும்? மக்கள் வெளியே ஓடினார்கள்.

இத்தனைக்கும் நடுவே, ஆகஸ்ட் முதல் வாரத்தில் வால்மார்ட் தன் துப்பாக்கிக் கொள்கையில் மாற்றம் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வன்முறை வீடியோ கேம்களின் விளம்பரப் பலகைகளை மட்டும் கடைகளில் எடுக்கச் சொன்னது. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் சரி, துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்பவர்களுக்கும் சரி, அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே பட்டது. கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் வால்மார்ட்டின் இணைய வணிகப் பிரிவு ஊழியர்கள் சிலர் வேலையை விட்டு வெளியே வந்து நின்று, துப்பாக்கி விற்பதை நிறுத்தச் சொன்னார்கள். இந்த அழுத்தங்களெல்லாம் சேர்ந்துதான் செப்டம்பர் 3 வந்தது.

அந்தக் கடை அவர்களுக்கு யார்?

வால்மார்ட்டை வெறும் மலிவு விலைக் கடையாகப் பார்த்தால் கோபத்தின் பாதி புரியாது. நிறுவனர் சாம் வால்டன் ஆர்கன்சாஸில் வாழ்ந்து கடை நடத்தியவர், காடை வேட்டையில் பைத்தியமாக இருந்தவர். வால்மார்ட் தன் சொந்த நாய்த் தீவனத்துக்கு வைத்திருக்கும் 'ஓல் ராய்' என்ற பெயர் அவருடைய வேட்டை நாயின் பெயர். சிறு ஊர்களில் மீன்பிடி தூண்டிலும் வேட்டை உரிமச்சீட்டும் ஷாட்கன் தோட்டாவும் ஒரே கவுன்டரில் கிடைக்கும். மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய இரவில், அந்த வட்டாரத்தில் திறந்திருக்கும் ஒரே கடையாக வால்மார்ட்தான் இருக்கும். பூட்டிய கண்ணாடி அலமாரி முன்னால், சாவி வைத்திருக்கும் ஊழியருக்காகக் கால் கடுக்க நின்ற அனுபவம் இல்லாத அமெரிக்க வேட்டைக்காரர் குறைவு.

வேட்டைக்காரர்கள் மட்டுமல்ல. வார இறுதியில் சுடுதளம் போய்ப் பழகுகிறவர்களுக்கு வால்மார்ட் என்றால் வின்செஸ்டரின் வெள்ளைப் பெட்டி. ஒரு பெட்டியில் 9 மி.மீ. தோட்டா 100. விலை குறைவு, எந்த ஊர்க் கிளையிலும் ஒரே மாதிரி. முதல் முறை துப்பாக்கி வாங்கிய பலர் பழகியது அந்தப் பெட்டியைக் காலி செய்துதான்.

இங்கே 2013ஐ நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, புதிய சட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பில் நாடு முழுக்கத் தோட்டாவை வாங்கிப் பதுக்கினார்கள். சாதாரண .22 தோட்டாகூடக் கண்ணில் படவில்லை. 2013 ஜனவரியில் வால்மார்ட் ஒரு வரம்பு போட்டது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி. விடிந்தும் விடியாமலும், லாரியில் சரக்கு இறங்கும் நேரம் பார்த்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் குடும்பத்தோடு வந்து தலைக்கு மூன்று பெட்டி வாங்கி, வாரச் சந்தை போல நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சிகளில் கொள்ளை விலைக்கு விற்றார்கள்.

அதுவும் தோட்டா விற்பனைக்குப் போட்ட கட்டுப்பாடுதான். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கோபம் கடையை நோக்கித் திரும்பவில்லை, பதுக்கி விற்றவர்களை நோக்கிப் போனது. இருப்பது எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று ரேஷன் போல வைத்த வரம்பு அது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தது. கடை தங்கள் பக்கம் நின்றே அப்படிச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். 2019இல் அதே அலமாரி, அதே வாடிக்கையாளர். இந்த முறை கடை தங்களைப் பார்த்துப் பயப்படுகிறது என்று அவர்களுக்குத் தோன்றியது. இரண்டு கட்டுப்பாடுகளுக்கும் உள்ள வித்தியாசம் அளவில் இல்லை, அதை வைத்தவர் வாங்குகிறவரை எப்படிப் பார்க்கிறார் என்பதில் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக நடந்த விலகல்

வால்மார்ட் திடீரென்று மாறிவிடவில்லை. 1993இலேயே அலாஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. 2015இல் ராணுவ ரைபிள் பாணியில் இருக்கும் ஏஆர்-15 வகை ரைபிள்களை எடுத்தது. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கியோ தோட்டாவோ வாங்க 21 வயதாகியிருக்க வேண்டும் என்றது. அதே நேரத்தில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் நிறுவனமும் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. தன் கையிருப்பில் இருந்த சுமார் 50 லட்சம் டாலர் பெறுமான ரைபிள்களை வேறு யாருக்கும் விற்காமல் நொறுக்கித் தள்ளியது. அதற்கும் முன்னால், 2001இல், கொலம்பைன் பள்ளியில் சுடப்பட்டுத் தப்பிய இரண்டு மாணவர்கள் நேரில் போய்க் கேட்டதையடுத்து, கேமார்ட் நிறுவனம் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையைக் கைவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கி விற்பதில் சட்டம் கேட்பதைவிட வால்மார்ட் பல ஆண்டுகளாகவே கறாராக இருந்தது. வாங்குகிறவருக்குக் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்கு மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் விற்றுக்கொள்ளலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் விடுகிறது. வால்மார்ட் அப்படி விற்பதில்லை, தெளிவான ஒப்புதல் வந்தால்தான் துப்பாக்கி கைமாறும். விற்பனையை வீடியோவிலும் பதிவு செய்கிறது. இதையெல்லாம் வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆகவே, கட்டுப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டாலே சாமியாடுகிற கூட்டம் என்று துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரையும் ஒரே கூடையில் போடுவது சரியில்லை.

எதைப் பார்த்துக் கொதித்தார்கள்

முதலில் வார்த்தைகள். கடிதம் '.223, 5.56 போன்ற ஷார்ட் பேரல் ரைபிள் தோட்டாக்கள்' என்று சொன்னது. விவரம் தெரிந்த எவரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் 'ஷார்ட் பேரல் ரைபிள்' என்பது முற்றிலும் வேறு சமாசாரம். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைபிளை அப்படிச் சொல்வார்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அப்போது 200 டாலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. .223 தோட்டாவுக்கும் குழலின் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து, இந்தத் தோட்டாக்களை 'அதிகக் கொள்ளளவுள்ள கிளிப்'களில் போடலாம் என்று எழுதியிருந்தது. கிளிப் என்பது தோட்டாக்களைக் கோத்து வைக்கும் பட்டை, மேகசின் என்பது துப்பாக்கிக்குத் தோட்டா ஊட்டும் பெட்டி. ஏஆர்-15இல் மாட்டுவது மேகசின்.

வெளியாட்களுக்கு இது சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழவைப் பற்றி உத்தரவு போடுகிறவர் ஏரையும் பரம்பையும் குழப்பினால் விவசாயி என்ன நினைப்பாரோ, அதையே இவர்களும் நினைத்தார்கள். அரை நூற்றாண்டாகத் தோட்டா விற்ற கடை, தான் விற்ற பொருளின் பெயரையே சரியாகச் சொல்லவில்லை. அப்படியென்றால் இந்தக் கடிதத்தை எழுதியது கவுன்டரில் நிற்கிறவர்கள் இல்லை, செய்தித் தொடர்புத் துறை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

அடுத்து தர்க்கம். .223 தோட்டாவின் குண்டு சின்னது, பொதுவாக மூன்றரை கிராம் சொச்சம். வர்ஜீனியாவில் மான் வேட்டைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, காரணம் மானை உடனே வீழ்த்த அது போதாது. காயோட் எனும் ஓநாய் வகையையும் புல்வெளியில் வளை தோண்டும் அணில் வகைகளையும் சுடத்தான் பண்ணைக்காரர்கள் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வலுவான .308ம், இரண்டு உலகப் போர்களில் அமெரிக்கப் படை பயன்படுத்திய முப்பது-ஓட்-சிக்ஸும் 'வேட்டைத் தோட்டா' என்ற பெயரில் அலமாரியிலேயே இருந்தன. இது என்ன கணக்கு என்று கேட்டார்கள்.

கேள்வியில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. வால்மார்ட் குண்டின் வலுவை வைத்துக் கோடு போடவில்லை. எந்தத் துப்பாக்கியில் எது அதிகம் போகிறது என்பதைப் பார்த்தது. அமெரிக்காவில் மிகப் பரவலாக விற்கும் ரைபிள் ஏஆர்-15, அதன் வழக்கமான தோட்டா .223 அல்லது 5.56. பின்னுதைப்பு குறைவு, 30 தோட்டா மேகசின் மாட்டலாம், அடுத்தடுத்து வேகமாகச் சுடலாம். மானைக் கொல்ல உதவாத அதே சின்னக் குண்டு மனித உடலுக்குள் என்ன செய்யும் என்பதை பார்க்லாண்டில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆகவே மானுக்குப் போதாது என்பதால் ஆபத்தில்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் கோபத்தின் வேர் இவை இரண்டிலும் இல்லை. 'பொறுப்பான வேட்டைக்காரர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தொடர்ந்து சேவை செய்வோம்' என்று கடிதம் சொன்னதில் இருந்தது. 2017இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்க வயதுவந்தோரில் 10 பேரில் 3 பேர் துப்பாக்கி வைத்திருந்தார்கள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, தற்காப்பு ஒரு முக்கியக் காரணம் என்றவர்கள் 67 சதவீதம். வேட்டை என்றவர்கள் 38 சதவீதம். அதாவது சாம் வால்டன் காலத்து வேட்டைக்காரரை மனத்தில் வைத்து வால்மார்ட் பேசியது. எதிரில் நின்ற வாடிக்கையாளரோ இரவுப் பணி முடித்துத் தனியாக வீடு திரும்பும் செவிலியராகவும், போலீஸ் வந்து சேர அரை மணி ஆகும் கிராமத்தில் வசிக்கும் முதியவராகவும் இருந்தார். வேட்டைத் தோட்டா இருக்கும், கைத்துப்பாக்கித் தோட்டா இருக்காது என்றால், வேட்டைக்காரர் நல்லவர், நான் சந்தேகத்துக்குரியவனா என்றுதான் அவர் அதைப் படிப்பார். வாங்கும் பொருளை எடுத்துவிட்டதைவிட, தன்னை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்பதுதான் சுட்டது.

கோபம் எப்படி வெளிப்பட்டது

தேசிய ரைபிள் சங்கம் அன்றே அறிக்கை விட்டது. துப்பாக்கி எதிர்ப்பு மேட்டுக்குடியினரின் அழுத்தத்துக்கு வால்மார்ட் பணிந்தது வெட்கக்கேடு, வால்மார்ட்டில் நிற்கும் வரிசைகள் இனி வேறு கடைகளுக்கு மாறும் என்பது அதன் பேச்சு. பலர் இனி மளிகையும் டயரும்கூட அங்கே வாங்கமாட்டேன் என்று சபதம் போட்டார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் இருந்த சின்னக் கடைகளையெல்லாம் வால்மார்ட்டே ஏற்கெனவே மூட வைத்துவிட்ட ஊரில், அரிசிக்கும் மருந்துக்கும் வேறு எங்கே போவது? வால்மார்ட்டின் வியாபாரம் அந்தப் புறக்கணிப்பால் ஆட்டம் காணவில்லை.

தனியார் துப்பாக்கிக் கடைக்காரர்களில் ஒரு பகுதியினர் வேறு விதமாகப் பார்த்தார்கள். வால்மார்ட்டின் விலையோடு போட்டி போட முடியாமல் தோட்டாவில் லாபமே பார்க்காமல் இருந்தவர்கள் அவர்கள். வாடிக்கையாளர் 9 மி.மீ. பெட்டிக்காகத் தங்களிடம் வந்தால், துடைக்கும் எண்ணெயும் உறையும் சேர்த்து வாங்கிப் போவார் என்ற கணக்கு. பணத்தை உள்ளூர்க் கடைக்குக் கொடுங்கள், உங்களை மதிக்கிறவரிடம் வாங்குங்கள் என்ற பேச்சு அந்த நாட்களில் நிறைய எழுந்தது.

சும்மா தோளைக் குலுக்கிவிட்டுப் போனவர்களும் கணிசம். நான் ஆயிரம் ஆயிரமாக இணையத்தில் வாங்குகிறேன், சாவிக்காரருக்காக இருபது நிமிடம் நிற்க நேரமில்லை என்பவர்கள். அப்புறம், வால்மார்ட் செய்தது சரி என்று சொன்ன துப்பாக்கிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குரல் உரக்கக் கேட்கவில்லை. ஆனால் அதே பியூ ஆய்வில், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் துப்பாக்கி விற்கும்போதும் பின்னணிச் சோதனை வேண்டும் என்றவர்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அவர்கள் சிறு கூட்டம் இல்லை என்பது புரியும்.

எல் பாசோக்காரன் எங்கே வாங்கினான்?

எதிர்ப்பவர்கள் எடுத்து வைத்த மிக வலுவான வாதம் இதுதான். எல் பாசோ கொலைகாரன் வால்மார்ட்டில் தோட்டா வாங்கவில்லை. கூட்டாட்சிக் குற்றப்பத்திரிகையின்படி, 2019 ஜூன் 19 அன்று ருமேனியத் தயாரிப்பான ஏகே வகை ரைபிளையும், 7.62 மி.மீ. தோட்டா 1,000ஐயும் அவன் இணையம் வழியாக வாங்கியிருந்தான். கடிதத்தில் பெயர் சொல்லியிருந்த .223 இல்லை, 5.56 இல்லை, கைத்துப்பாக்கித் தோட்டாவும் இல்லை. அப்படியிருக்க எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. அதைத் தொடர்ந்து போனால் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேருகிறோம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநில எல்லை தாண்டித் தபாலில் தோட்டா வாங்குவதைத் தடுத்தது. தோட்டா விற்கவும் உரிமம் வேண்டும் என்றது. 1986இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அதன் பிறகு கூட்டாட்சி அளவில் தோட்டா விற்க உரிமம் தேவையில்லை, வாங்குகிறவருக்குப் பின்னணிச் சோதனை இல்லை, எவ்வளவு வாங்கலாம் என்ற வரம்பும் இல்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைகளுக்கு வயது வரம்பு மட்டும் இருந்தது: ரைபிள் தோட்டாவுக்கு 18, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21. கலிஃபோர்னியா மட்டும் 2019 ஜூலை 1 முதல் தோட்டா வாங்கும் ஒவ்வொருவரையும் சோதிக்கத் தொடங்கியிருந்தது.

ஆக, எல் பாசோக்காரன் வால்மார்ட்டில் வாங்கவில்லை என்று சொல்கிறவர்கள், அவன் எங்கே எவ்வளவு எளிதாக வாங்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் எனக்கு அவர்கள்மேல் உள்ள பெரிய மனக்குறை.

வால்மார்ட் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். தன் கடைத் தரையில் 22 பேர் செத்துக் கிடந்ததைப் பார்த்த ஒரு நிறுவனம், இந்தத் தோட்டா என் கவுன்டரிலிருந்து போனதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கொலைகாரன் தங்களிடம் வாங்கியவனாக இருக்கக் கூடாது என்று நினைப்பது ஒரு கடைக்காரருக்கு உள்ள உரிமை. பின்னணிச் சோதனையை வலுப்படுத்தச் சொல்லி வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத் தலைவர்களுக்கும் எழுதப்போவதாகவும் மெக்மில்லன் சொல்லியிருந்தார். சட்டம் இயற்றுகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையைக் கடைக்காரர் தலையில் சுமத்தியிருக்கிறார்கள் என்ற உணர்வு அந்தக் கடிதத்தில் இருந்தது.

யாரும் அதிகம் பேசாத வரி

நான்கு முடிவுகளில் கடைசியாக வந்த வேண்டுகோள், அதாவது துப்பாக்கியை வெளியே தெரியும்படி கடைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது, நடைமுறையில் மற்றதைவிட அதிகம் மாற்றியது என்பது என் கணிப்பு. அன்றே குரோகர் நிறுவனமும் அதே வேண்டுகோளை வைத்தது. இரண்டு நாளில் சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வெக்மன்ஸ் சேர்ந்துகொண்டன. நாட்டின் மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் பெரும் பகுதி ஒரே வாரத்தில் ஒரே குரலில் பேசியது.

அது வேண்டுகோள் மட்டும்தான். சட்டப்படி தடுக்கும் பலகையை வால்மார்ட் மாட்டவில்லை, மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் உள்ளவர்களைத் தொடவும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் இதை அவ்வளவாக எதிர்க்கவில்லை. இடுப்பில் தெரியும்படி மாட்டிக்கொண்டு தக்காளி வாங்கப் போவது அவர்களில் பலருக்கே பிடிக்காத பழக்கம். ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்ததைப் போன்ற காரியம் தங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது என்று அவர்கள் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் நின்று சம்பளம் வாங்கும் ஊழியருக்கு, உள்ளே வருகிறவர் தற்காப்புக்காரரா கொலைகாரரா என்று கண்ணால் எடைபோடும் வேலை இல்லாமல் போனதே பெரிய விஷயம்.

2020 வந்தது

கையிருப்பு தீர்ந்து, வெள்ளைப் பெட்டி இருந்த இடம் காலியாகி, சில மாதங்களிலேயே பெருந்தொற்று வந்தது. பிறகு ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்த போராட்டங்கள், பிறகு தேர்தல். 2019இல் 2 கோடியே 84 லட்சமாக இருந்த எஃப்பிஐ பின்னணிச் சோதனைகள் 2020இல் 3 கோடியே 97 லட்சமாக ஏறின. அந்த ஆண்டு முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்பது துப்பாக்கித் தொழில் சங்கத்தின் மதிப்பீடு. ரெமிங்டன் நிறுவனம் ஜூலையில் திவாலானது, ஆர்கன்சாஸின் லோனோக்கில் இருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலை கைமாறியது. 20 சென்ட்டுக்கும் குறைவாக இருந்த 9 மி.மீ. தோட்டா பல இடங்களில் மூன்று, நான்கு மடங்கு விலைக்குப் போனது.

வால்மார்ட் விலகியதால்தான் தட்டுப்பாடு என்று சிலர் சொன்னார்கள். அது சரியில்லை. வால்மார்ட் தோட்டா தயாரிப்பதில்லை. தொழிற்சாலைகள் முழு மூச்சில் ஓடியும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதுதான் காரணம். ஆனால் 2013இல் விலையை ஏற்றாமல் தலைக்கு மூன்று பெட்டி என்று கொடுத்த ஓர் அலமாரி, 2020இல் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இல்லை. அதன் வலி வசதியுள்ளவருக்குத் தெரியாது. மாதம் ஒரு பெட்டி வாங்கிப் பழகுகிறவருக்கும், பயத்தில் முதல் துப்பாக்கி வாங்கிவிட்டு அதைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுக்க முடியாமல் நின்றவருக்கும் தெரியும். கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் பேசுவது நியாயமில்லை.

2020 அக்டோபர் 29 அன்று, தேர்தலுக்கு முந்தைய பதற்றத்தில் வால்மார்ட் தன் கடைகளில் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பார்வைக்கு வைக்காமல் உள்ளே எடுத்து வைத்தது. விற்பனை நிற்கவில்லை. கலவரம் ஓர் இடத்தோடு அடங்கிவிட்டது என்று சொல்லி மறுநாளே திரும்ப வெளியே வைத்தது. ஓராண்டுக்கு முன்னால் கொதித்தவர்கள் அதற்குக் கொதிக்கக்கூட இல்லை. பலருக்கு அது இனி தங்கள் கடை இல்லை.

2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பிறகு, ஜூனில் நாடாளுமன்றம் ஒருவழியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வந்த முதல் பெரிய கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் அது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் துப்பாக்கி வாங்கும்போது சோதனையை அது கடுமையாக்கியது. 1986இல் திறந்துவிட்ட கதவை மூடவில்லை. எல் பாசோக்காரன் 2019 ஜூனில் செய்ததைப் போல, ஒரே ஆர்டரில் 1,000 தோட்டாவை வீட்டுக்கு வரவழைக்க டெக்சாஸில் அதற்குப் பிறகும் எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.